பழைய சிஎன்சி இயந்திரத்தை லினக்ஸ்சிஎன்சிக்கு மாற்றும் முறை

அச்சுகளை நகர்த்தும் பால் ஸ்க்ரூவும் ஸ்லைடுகளும் உறுதியாக இருந்து, அவற்றைக் கட்டுப்படுத்தும் கணினிப் பகுதியான கன்ட்ரோலர் மட்டும் பழுதான சிஎன்சி (கணினிக் கட்டுப்பாட்டு) இயந்திரத்துக்கு, ஃபானுக், சீமென்ஸ் போன்ற தனியுரிமை அமைப்பை வாங்கலாம். அல்லது அமெரிக்காவின் தேசியத் தரநிலைகள், தொழில்நுட்ப நிறுவனத்தில் (NIST) 1990களில் தொடங்கிய ஆய்விலிருந்து வளர்ந்த லினக்ஸ்சிஎன்சி என்ற திறந்தமூல மென்பொருளை நிறுவலாம். பலரும் விலையைத்தான் முதலில் பேசுகிறார்கள். என் பார்வையில் அது இரண்டாம்பட்சமே. தனியுரிமை அமைப்பில் மோட்டாருக்கு மின்சாரம் தரும் டிரைவ், மோட்டார், கன்ட்ரோலர் ஆகியவற்றை ஒன்றோடொன்று பொருத்தும் பொறுப்பைத் தயாரிப்பாளர் ஏற்கிறார். திறந்தமூலத்தில் அந்தப் பொறுப்பு நம்முடையது. அதற்கு ஈடாக, உள்ளே நடப்பது அனைத்தையும் பார்க்க முடிகிறது.

பழைய கன்ட்ரோலருக்கு உயிர் இருக்கும்போதே அதன் பாராமீட்டர்களை (இயந்திரத்துக்கான அமைப்பு மதிப்புகளை) நகலெடுத்துவிடுங்கள். பல மாடல்களில் அவை பேட்டரியின் தயவில் நிற்கும் நினைவகத்தில்தான் உள்ளன.

அடுத்து, பயன்படுத்தப்போகும் கணினியைச் சோதியுங்கள். கணினி எவ்வளவு தாமதிக்கிறது என்று அளக்க, மென்பொருளோடு வரும் லேட்டன்சி டெஸ்டை ஓடவிட்டு, அது ஓடும்போதே பெரிய கோப்புகளை நகலெடுத்து, திரையில் ஜன்னல்களை இழுத்து, கணினியை வேண்டுமென்றே திணறடியுங்கள். அதிகபட்சத் தாமதம் 20 மைக்ரோவினாடிக்குள் நின்றால், துடிப்புக்கு ஒரு படி நகரும் ஸ்டெப்பர் மோட்டாருக்கான துடிப்புகளை மென்பொருளே உருவாக்கலாம். 100 மைக்ரோவினாடியைத் தாண்டினால் அந்த வேலையை மெசா நிறுவனத்தினுடையது போன்ற தனி மின்னணு அட்டையிடம் ஒப்படைக்க வேண்டும். கணினி 1 மில்லிவினாடிக்கு ஒருமுறை கட்டளை தந்தால் போதும். வேகமான புதிய கணினி இதில் தோற்பதும் பழையது தேறுவதும் சாதாரணம் என்பதால், அளந்து பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள்.

அவசர நிறுத்தப் பொத்தானை எக்காரணம் கொண்டும் மென்பொருளை மட்டும் நம்பி விடாதீர்கள். பொத்தான் நேரடியாகப் பாதுகாப்பு ரிலே வழியே டிரைவ்களின் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். பொத்தான் அழுத்தப்பட்ட செய்தியை அறிந்துகொள்வதோடு மென்பொருளின் பங்கு முடிந்துவிட வேண்டும்.

பிறகு சர்வோ அச்சுகளை (இருப்பிடத்தை அளந்து பிழையைத் திருத்திக்கொள்ளும் மோட்டார் இயக்கும் அச்சுகளை) ஒவ்வொன்றாகச் சீரமையுங்கள். லினக்ஸ்சிஎன்சியின் அருமை எனக்குப் புரிந்தது இந்தக் கட்டத்தில்தான். உள்ளே ஓடும் சிக்னல்களை வரைந்து காட்டும் ஹால்ஸ்கோப்பைத் திறந்து, கட்டளையிட்ட இடத்துக்கும் இருப்பிடத்தை அளக்கும் என்கோடர் காட்டும் இடத்துக்கும் உள்ள வேறுபாட்டைத் திரையில் வரைய விட்டு, அச்சை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். திசை மாறும் கணத்தில் மட்டும் கோடு கூர்மையாக எழுந்தால், பெரும்பாலும் உராய்வை முதலில் சந்தேகிக்கலாம். அச்சு நின்ற பிறகும் கோடு நடுங்கிக்கொண்டே இருந்தால் கெயின் (பிழையைத் திருத்தும் வலிமை) அதிகம். இந்தக் காரணத்தை அறியாமல், ஃபாலோயிங் எரர் (மேலே சொன்ன வேறுபாடு) வரம்பைக் கூட்டி அலாரத்தை அடக்குவது பெருந்தவறு.

சுழற்சியோடு அச்சை ஒத்திசைத்துத் துளையில் மரை வெட்டும் ரிஜிட் டேப்பிங்கைத் தனி ஆப்ஷனாக விலைபேசும் தனியுரிமை கன்ட்ரோலர்கள் உண்டு. இங்கே வெட்டுக்கருவியைச் சுழற்றும் ஸ்பிண்டிலில் என்கோடர் இருந்தால் ஜி33.1 கட்டளையிலேயே அது கிடைக்கிறது. ஆனால் ஐந்து அச்சு அதிவேக மோல்டு வேலைக்கும், நின்றால் அன்றே சர்வீஸ் பொறியாளர் வந்தாக வேண்டிய உற்பத்தி வரிசைக்கும் தனியுரிமை அமைப்பையே நான் பரிந்துரைப்பேன்.

முதல் நிரலை வேலைப்பொருள் இல்லாமல், குறைந்த ஃபீடில் (நகர்வு வேகத்தில்), உங்கள் கை அவசர நிறுத்தப் பொத்தானின் அருகிலேயே இருக்க ஓட்டுங்கள். அது சரியாக ஓடியதும், இயந்திர அமைப்பைச் சொல்லும் ஐஎன்ஐ, ஹால் கோப்புகள் உள்ள கோப்புறையை வேறொரு கணினியில் நகலெடுத்து, வயரிங் வரைபடத்தின் அச்சுப்பிரதியைப் பேனல் கதவின் உட்புறத்தில் ஒட்டிவையுங்கள்.