விசாவில் இருந்த மூன்று எழுத்து

மகளைப் பார்க்கச் சிகாகோ போக எடுத்த டிக்கெட்டுக்கு வெப் செக்-இன் ஆகவே இல்லை. பயண ஆவண விவரம் பொருந்தவில்லை என்றே வந்தது. செயலியை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றினேன், வேறு போனில் பார்த்தேன், பாஸ்போர்ட் எண்ணை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தேன். ம்ஹும். கால் சென்டரில் டிக்கெட்டை ரத்து செய்து புதிதாக எடுக்கச் சொன்னார்கள். சொல்வது சுலபம், பணம் யார் கட்டுவது?

என் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி. இனிஷியலோடு வாழும் நமக்கு இது சகஜம்தான். அமெரிக்க விசாவிலோ முழுப் பெயரும் சர்நேம் இடத்தில் இருக்கிறது. கிவன் நேமுக்கு நேராக வெறும் 'எஃப்.என்.யூ', அதாவது 'ஃபர்ஸ்ட் நேம் அன்னோன்', முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். டிராவல் ஏஜென்ட் இரண்டு கட்டத்திலும் என் பெயரையே போட்டிருந்தார்.

விசா நகலோடு சென்னை விமான நிலைய டிக்கெட் கவுன்டருக்குப் போனேன். அங்கிருந்த பெண் விசாவில் உள்ளபடியே பெயரைத் திருத்தினார். பிஎன்ஆர் மாறவில்லை, கட்டணமும் கேட்கவில்லை.

அதற்குள் எகானமி நிரம்பிவிட்டது. அப்புறம் என்ன, பிசினஸ் கிளாஸில் காலியாக இருந்த சீட்டைக் கொடுத்துவிட்டார்கள்! முழங்கால் வலிக்காரன் காலை நீட்டிப் படுத்துக்கொண்டே போய்ச் சேர்ந்தேன். திரும்பி வருவது வேறு விமானம் என்பதால், அந்த டிக்கெட்டிலும் பெயரை மாற்றச் சொல்லி ஏஜென்டுக்கு விசா நகலை அனுப்பிவிட்டேன்.