பில்லில் ஒரு பைசா உதைக்கிறதா? எக்செல்லில் ரவுண்ட் சூத்திரம்

சென்னை ரிச்சி தெருவில் மின்னணு உதிரிபாகங்கள் விற்கும் ஒரு கடைக்கு எக்செல்லில் பில் தயாரிப்பதாக வைத்துக்கொள்வோம். மூன்று பொருள்களின் விலை ரூ.49.60, ரூ.82.70, ரூ.127.10. வரி 18%, அதில் மத்திய ஜிஎஸ்டி 9%, மாநில ஜிஎஸ்டி 9%. ஒவ்வொரு பொருளுக்கும் 9% கணக்கிட்டால் 4.464, 7.443, 11.439 என்று வரும். இரண்டு தசம இடங்கள் மட்டும் தெரியும்படி கட்டங்களை அமைத்தால், திரையில் 4.46, 7.44, 11.44 என்று தோன்றும்; ஆனால் கூட்டுத்தொகை 23.35 என்று காட்டும். தாளில் கூட்டிப் பார்க்கும் வாடிக்கையாளருக்கோ 23.34தான் வரும்.

தசமத்தைக் குறைக்கும் பொத்தான் எண்ணின் தோற்றத்தை மட்டுமே மாற்றுகிறது என்பதே இதற்குக் காரணம். கட்டத்துக்குள் 4.464 அப்படியே இருக்கிறது. கூட்டலும் அதை வைத்தே நடக்கிறது. மதிப்பையே மாற்ற ரவுண்ட் சூத்திரம் வேண்டும்.

முதலில் பி2 முதல் பி4 வரை விலைகளை உள்ளிட்டு, பி5 கட்டத்தில் =சம்(பி2:பி4) என்று கூட்டுங்கள். சூத்திரப் பெயர்களையும் (SUM, ROUND, ROUNDUP) கட்டங்களின் எழுத்துகளையும் (B, C, D) ஆங்கில எழுத்துகளில்தான் தட்டச்சு செய்ய வேண்டும். அடுத்து சி2 கட்டத்தில் =ரவுண்ட்(பி2*9%,2) என்று எழுதுங்கள். காற்புள்ளிக்குப் பின் வரும் 2, எத்தனை தசம இடங்கள் வேண்டும் என்பதைச் சொல்கிறது. கட்டத்தின் வலது கீழ் மூலையைப் பிடித்து சி4 வரை இழுத்துவிட்டு, சி5 கட்டத்தில் =சம்(சி2:சி4) என்று எழுதினால் 23.34 கிடைக்கும். மாநில வரிக்கு டி நெடுவரிசையிலும் இதையே செய்யுங்கள்.

இப்போது மொத்தம் ரூ.306.08. முழு ரூபாயாக வேண்டுமென்றால் =ரவுண்ட்(பி5+சி5+டி5,0) என்று எழுதுங்கள்; 306 வரும். குறைந்த 8 பைசாவை ‘ரவுண்ட் ஆஃப்’ என்ற தனி வரியில் காட்டிவிடுங்கள். தணிக்கையின்போது அந்த ஒரு வரி பல கேள்விகளைத் தவிர்க்கும். சரியாக 50 பைசா வந்தால் ரவுண்ட் அதை அடுத்த ரூபாய்க்கு உயர்த்தும்.

ரவுண்டை எங்கே போடக்கூடாது என்பதையும் அறிந்துகொள்வது மிக அவசியம். ஒரு டஜன் ரூ.100 என்று விற்கும் பொருளின் தனி விலை 8.3333 என்று நீளும். அதை 8.33 ஆக்கிவிட்டு 600 எண்ணிக்கையால் பெருக்கினால் ரூ.4,998 வரும், உண்மையில் வர வேண்டியது ரூ.5,000. ஆகவே இடைக்கணக்குகளை முழுத் தசமங்களோடு விட்டுவிட்டு, பில்லில் அச்சாகும் தொகைகளுக்கு மட்டும் ரவுண்ட் போடுவதே சரி. திரையில் தெரிகிறபடியே கட்டத்துக்குள் இருக்கும் மதிப்பையும் மாற்றிவிடும் வசதி ஒன்றும் எக்செல் அமைப்புகளில் உண்டு. அது உள்ளிட்ட எண்களையே நிரந்தரமாக வெட்டிவிடுவதால் அதைத் தொடாதீர்கள்.

பெட்டிக் கணக்குக்கு ரவுண்ட் உதவாது. பெட்டிக்கு 12 வீதம் 50 பொருள்களை அடுக்க =ரவுண்ட்(50/12,0) என்று எழுதினால் 4 என்று வரும்; இரண்டு பொருள்கள் வெளியே நிற்கும். எப்போதும் மேல்நோக்கியே செல்லும் =ரவுண்ட்அப்(50/12,0) என்பதை எழுதினால் 5 என்ற சரியான விடை கிடைக்கும்.