நடுவராக நிற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற வாரம் ஒரு மாவட்டக் கூடைப்பந்துப் போட்டியில் புதிதாக விசில் ஏந்திய இளைஞர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த தவறுகளையே அவர்களும் செய்தார்கள். சைகை தடுமாறுவது, விசில் தாமதிப்பது எல்லாம் நாலு ஆட்டத்தில் சரியாகிவிடும். கீழே உள்ளவை ஃபீபா (FIBA, சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு) விதிப்புத்தகத்தைத் திறந்து படித்தால்தான் தீரும்.

ஃப்ரீ த்ரோ கோட்டில் வேறு ஆள்

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. ஓர் இறுதிப் போட்டி, கடைசி நிமிடம். ஃபவுலுக்கு ஆளாகி, யாரும் தடுக்காமல் கூடைக்கு எறியும் ஃப்ரீ த்ரோ வாய்ப்பைப் பெற்றவர் 4-ஆம் எண் வீரர். கோட்டில் வந்து நின்றவரோ 14. எண்ணைப் பார்க்காமல் பந்தைக் கொடுத்தேன், இரண்டும் விழுந்தன. எதிரணி பந்தை உள்ளே எறிவதற்குள் அவர்களுடைய பயிற்சியாளர் குரல் கொடுத்தார். நான் புள்ளிகளை நீக்கினேன். அதுவரை சரி. பிறகு, நியாயம் செய்வதாக எண்ணி 4-ஆம் எண்ணை அழைத்து மறுபடி எறியச் சொன்னேன். அவரும் இரண்டையும் போட்டார். எதிரணி ஒரு புள்ளியில் தோற்றது.

அந்த இடத்தில் மறு வாய்ப்பே கிடையாது. ஃப்ரீ த்ரோக்கள் ரத்தாகி, பந்து எதிரணிக்குப் போயிருக்க வேண்டும். ஃப்ரீ த்ரோ கோட்டை நீட்டினால் பக்கக் கோட்டைத் தொடும் இடத்திலிருந்து அவர்கள் எறிவார்கள். முதல் ஃப்ரீ த்ரோவில் பந்து கையை விடும் முன்பே கவனித்துவிட்டால் மட்டும் தண்டனையின்றி ஆளை மாற்றலாம்.

திருத்தத்துக்கும் கெடு உண்டு. தவறுக்குப் பின் கடிகாரம் ஓடத் தொடங்கி, ஆட்டம் முதன்முறை நின்று, பந்து மீண்டும் ஆட்டத்துக்கு வந்துவிட்டால், யார் கெஞ்சினாலும் திருத்தக் கூடாது.

காயம்பட்டு வெளியேறியவருக்குப் பதிலாக வந்தவர் எறிவது தவறல்ல. அதற்கு விசில் ஊதிவிடாதீர்கள்.

அம்பை அவசரமாகத் திருப்புவது

இரு அணியினரும் பந்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது போன்ற ஜம்ப் பால் சூழலில், பந்து எந்த அணிக்கு என்பதை அதிகாரிகள் மேசையிலுள்ள அம்பு காட்டும். அப்படிக் கிடைத்த பந்தை வெளியிலிருந்து எறிபவர் கையில் வாங்கியதுமே மேசையில் அம்பைத் திருப்பிவிடுகிறார்கள். களத்திலுள்ள ஒருவர் பந்தைத் தொட்ட பிறகே திருப்ப வேண்டும். அதற்கு முன் எந்த அணி ஃபவுல் செய்தாலும் அம்பு அப்படியே இருக்கும். எறிபவர் ஐந்து விநாடியைக் கடந்தால் அந்த அணி அம்பை இழக்கும்.

கூடைப் பலகைக்கு மேலே பந்து போவது

அவுட் அல்ல. பலகையின் பின்புறத்தைத் தொட்டால்தான் அவுட்.

ஐந்தாவது அணி ஃபவுல்

ஒரு கால் பகுதி ஆட்டத்தில் ஓர் அணி செய்யும் ஐந்தாவது ஃபவுலிலிருந்து எதிரணிக்கு ஃப்ரீ த்ரோ கிடைக்கும். ஆனால் பந்தை வைத்திருக்கும் அணி செய்த ஃபவுலுக்கு ஃப்ரீ த்ரோ இல்லை.

சொந்தக் கூடையில் பந்து

தெரியாமல் போட்டால் எதிரணிக்கு 2 புள்ளி, களத்திலுள்ள அவர்களுடைய கேப்டன் கணக்கில். வேண்டுமென்றே போட்டால் விதிமீறல், புள்ளி இல்லை.