பிரேக் டிஸ்க் தேடியபோது உதிரிபாக எண்ணைப் படிக்கக் கற்றது

என் ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் காரின் முன் பிரேக் டிஸ்க்குகள் தேய்ந்திருந்தன. கழற்றிய டிஸ்க்கில் 1கே0 615 301 என்ற எண்ணும் அதன் பின்னே இரண்டு எழுத்துகளும் இருந்தன. விற்பனைக்குக் கிடைத்தவற்றிலோ அதே எண் இருந்தும் எழுத்துகள் வேறாக இருந்ததால், வாங்குவதை நிறுத்திவிட்டு எண்ணின் அமைப்பைப் படித்தேன்.

முதல் மூன்று இடங்கள் அந்தப் பாகம் முதலில் எந்த மாடலுக்காக உருவாக்கப்பட்டது என்பதைச் சொல்கின்றன. 1கே என்பது ஐந்தாம் தலைமுறை கோல்ஃப். எனினும் அதே பாகம் வேறு மாடல்களிலும் பொருத்தப்படலாம். நடுவிலுள்ள 615இல் 6 என்பது சக்கரம், பிரேக் தொகுதியைக் குறிக்கிறது (1 என்றால் இன்ஜின், 8 என்றால் பாடி). இடம், வலம் எனப் பிரியும் பாகங்களில் கடைசி மூன்றிலக்க எண் (301 இருக்கும் இடம்) ஒற்றைப்படை என்றால் பொதுவாக இடப்பக்கம், இரட்டைப்படை என்றால் வலப்பக்கம்.

கவனம் தேவைப்படுவது இறுதி எழுத்தில்தான். அது பல நேரங்களில் திருத்தப்பட்ட பதிப்பை மட்டுமே குறிக்கும் என்றாலும், இந்த டிஸ்க்கில் 288 மி.மீ., 312 மி.மீ. என வெவ்வேறு விட்டங்களும் அந்த எழுத்தாலேயே பிரிக்கப்படுகின்றன. ஆகவே சேஸிஸ் எண்ணைக் கொண்டு உதிரிபாகப் பட்டியலில் தேடி, பழைய டிஸ்க்கின் விட்டத்தையும் அளந்து உறுதிசெய்தபின் வாங்கினேன்; சரியாகப் பொருந்தியது.

இம்முறையை மற்ற நிறுவனங்களுக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது. டொயோட்டாவில் முதல் ஐந்து இலக்கங்களே பாகத்தின் வகை: 04465 முன் பிரேக் பேட், 04466 பின் பிரேக் பேட். பிஎம்டபிள்யூவின் 11 இலக்க எண்ணில் 34 என்ற தொடக்கம் பிரேக்கைக் குறிக்கும்.