முதியோர் சேவைக்கான காசு திரும்பிப் போகாமல் காப்பது எப்படி: திருகோணமலை முதியோர் சங்கங்களுக்கு ஒரு கைநூல்

முதியோர் பகல் நிலையத்துக்கு வந்துகொண்டிருந்த அரச பணம் நின்றுவிட்டால் "வெட்டிப்போட்டாங்கள்" என்றுதான் முதலில் சொல்வோம். பல இடங்களில் யாரும் வெட்டியிருக்க மாட்டார்கள். டிசம்பர் 31க்குள் செலவாகாத ஒதுக்கீடு காலாவதியாகும். அடுத்த வருடப் பாதீட்டு மதிப்பீட்டில் "போன வருடமே செலவழிக்கவில்லையே" என்ற ஒரு வரியோடு தொகை சுருங்கும். இரண்டு வருடம் இப்படிப் போனால் அந்தச் செலவு விடயமே தாளிலிருந்து மறைந்துவிடும். ஆகவே நிதியைக் காப்பது என்றால் போராட்டத்தை விட நாட்காட்டியையும் கோப்பையும் கவனிப்பதுதான்.

காசு எந்தக் கதவால் வருகிறது

முதலாவது, முதியோருக்கான தேசிய செயலகம். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகளைப் பாதுகாத்தல் சட்டத்தின் கீழ் இயங்குவது. பிரதேச செயலகத்தில் இருக்கும் முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் அதன் ஆள். இரண்டாவது, கிழக்கு மாகாண சமூக சேவைகள் திணைக்களம். சமூக சேவை மாகாணப் பட்டியலில் உள்ள விடயம் என்பதால் அதற்குத் தனி மதிப்பீடு உண்டு. மூன்றாவது, உங்கள் பிரதேச சபை அல்லது நகரத்துச் சபையின் பாதீடு. நான்காவது, பாராளுமன்ற உறுப்பினர்களின் பன்முகப்படுத்தப்பட்ட நிதி, அதாவது உள்ளூர் வேலைகளுக்கு அவர்கள் பரிந்துரைக்கும் காசு. இது கதிரைக்கும் கூரைத்தகட்டுக்கும் உதவும், மாதச் செலவுக்கு நம்பக் கூடாது.

அஸ்வெசும என்ற அரச நலன்புரித் திட்டத்தின் வழியாக வரும் 70 வயதுக்கு மேற்பட்டோர் கொடுப்பனவை இதனோடு குழப்ப வேண்டாம். அது தனிநபர் கையில் போகும் காசு. 2025 பாதீட்டில் அது 3,000 ரூபாவிலிருந்து 5,000 ஆனது நல்லதே. ஆனால் "அதுதான் கொடுக்கிறோமே" என்று யாராவது பகல் நிலையச் செலவைத் தட்டிக்கழித்தால் ஒப்ப வேண்டாம். வெருகலில் தனியே இருக்கும் ஒரு அம்மாவை கிளினிக்குக் கூட்டிப்போக ஒரு ஆள் வேண்டும், கொடுப்பனவு அந்த ஆளைத் தராது.

இன்னொரு பிரிவு இதைவிட முக்கியம்: மீண்டெழும் செலவு, மூலதனச் செலவு. கட்டடம், தளபாடம், சக்கர நாற்காலி எல்லாம் மூலதனம். சாப்பாடு, மின்கட்டணம், பராமரிப்பவரின் கொடுப்பனவு மீண்டெழும். திறைசேரி இறுக்கும்போது முதலில் நிற்பது மூலதனம். 2022 நெருக்கடியில் அதுதான் நடந்தது. மறுபக்கம், மீண்டெழும் ஒதுக்கீடு கேட்காமல் கட்டடம் மட்டும் வாங்கினால் திறப்புவிழா முடிந்ததும் பூட்டுத்தான் தொங்கும். எந்தக் கோரிக்கையிலும் இரண்டையும் தனித்தனி வரியில் எழுதுங்கள்.

எண்களை எடுப்பது

அலுவலகத்தில் வாயால் கேட்டால் "ஒதுக்கீடு இருக்கு" என்பார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் ஒதுக்கீடு தாளில் உள்ள அனுமதி மட்டும். கையில் காசாக வருவது கட்டுநிதி. ஒதுக்கீடு இருந்தும் கட்டுநிதி வராமல் பில் மார்கழியில் தேங்கிக் கிடப்பது சாதாரணம். எனவே 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எழுத்தில் கேளுங்கள். தமிழில் எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. கேள்வி இப்படி இருக்கட்டும்:

"கடந்த மூன்று நிதியாண்டுகளில் உங்கள் பிரிவில் முதியோர் சேவைகளுக்கான ஒவ்வொரு செலவின விடயத்திலும் (அ) அங்கீகரிக்கப்பட்ட ஒதுக்கீடு, (ஆ) பெற்ற கட்டுநிதி, (இ) உண்மைச் செலவு, (ஈ) வருட இறுதியில் செலவாகாமல் இருந்த தொகை, (உ) வேறு விடயத்துக்கு மாற்றப்பட்ட தொகையும் திகதியும்."

கடைசி வரியை விடாதீர்கள். அரச நிதி விதிகளில் ஒன்றான நிதிப் பிரமாணம் 66இன் கீழ் ஒரு விடயத்தின் மீதியை இன்னொன்றுக்கு மாற்ற முடியும். முதியோர் பணம் சத்தமில்லாமல் போகும் வழிகளில் இதுவும் ஒன்று. தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு மேன்முறையீடு, அதற்கு மேல் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. விண்ணப்பம் ஏற்றதற்கான பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள், நாட்கணக்கு அதிலிருந்துதான் ஓடும்.

உங்கள் பக்கத்துக் கோப்பு

சங்கம் செய்யும் பிழையால் திரும்பும் காசும் உண்டு. வழக்கமான காரணம் வங்கிக் கணக்கு: தலைவர் காலமாகியிருப்பார், பொருளாளர் பிள்ளையோடு கொழும்புக்குப் போயிருப்பார், கையொப்பம் மாற்றப்பட்டிருக்காது. பொதுக்கூட்டம் முடிந்த அதே வாரம் தெரிவுத் தீர்மானத்தின் பிரதியுடன் வங்கிக்குப் போங்கள். பிரதேச செயலகப் பதிவில் உள்ள பெயரும் வங்கிப் புத்தகத்துப் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும்.

வரவுப் பதிவேட்டில் ஒவ்வொரு நாளும் வந்தவரின் கையொப்பமோ பெருவிரல் அடையாளமோ இருக்கட்டும். மாத முடிவில் ஒரே நாளில் நிரப்பிய புத்தகத்தைக் கணக்காய்வாளர் மை நிறத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். கிராம உத்தியோகத்தரிடம் 60, 70, 80 வயதைத் தாண்டியோர் எண்ணிக்கையையும் தனியே வாழ்வோர் எண்ணிக்கையையும் எழுதி வாங்குங்கள். "நிறையப் பேர்" என்ற சொல் எந்தப் பாதீட்டிலும் ஏறாது.

செலவைக் கணக்காக்குவது இப்படி: மாதம் 8 நாட்கள், நாளுக்கு 25 பேர், ஆளுக்கு 300 ரூபா என்றால் மாதம் 60,000, வருடம் 720,000. இந்தத் தொகையோடு விலைமனு ஒன்றையும் இணையுங்கள்.

எப்போது கேட்பது

ஒக்டோபர் 1, முதியோர் தினத்தில் மேடையேறும் பிரதம விருந்தினரிடம் மாலையோடு மகஜரையும் கொடுப்பது நம் வழக்கம். படம் நன்றாக வரும், ஆனால் காலம் பிந்திவிட்டது. அடுத்த வருட மதிப்பீடுகளைத் திணைக்களங்கள் ஆடி, ஆவணியிலேயே தயாரிக்கத் தொடங்கிவிடும். ஜூன் முடிவுக்குள் உங்கள் கடிதம் உத்தியோகத்தர் மேசையில் இருக்க வேண்டும். ஒரு பக்கம், ஒரு சேவை, ஒரு தொகை, பயன்பெறுவோர் எண்ணிக்கை. அவ்வளவுதான். கிழக்கில் தமிழ் நிருவாக மொழி, இங்குள்ள அலுவலகங்களுக்குத் தமிழே போதும். கொழும்புக்குப் போகும் பிரதியோடு மட்டும் சிங்களத்தில் ஒரு பக்கச் சுருக்கம் வையுங்கள், மொழிபெயர்ப்புக்காகக் கோப்பு காத்துக்கிடப்பதைத் தவிர்க்கலாம். எல்லாவற்றுக்கும் திகதி முத்திரை குத்திய பிரதி உங்கள் கையில்.

ஜனவரி, பெப்ரவரியில் அங்கீகரிக்கப்பட்ட தொகையை அறிந்துகொள்ளுங்கள். ஏப்ரலுக்குள் விலைமனு முடிய வேண்டும். கட்டட வேலை என்றால் செப்டெம்பருக்குள் முடித்துவிடுங்கள். இது வெறும் அறிவுரை அல்ல, எங்கள் மாவட்டத்தின் காலநிலை. ஒக்டோபர் கடைசியில் மழை பிடித்தால் மூதூர், வெருகல், கிண்ணியா பக்கம் மணல் ஏற்றிய லொறி நகராது. கொழும்பில் நவம்பரிலும் வேலை நடக்கும், இங்கே நடக்காது. முடியாத வேலைக்குப் பில் போட முடியாது, பில் இல்லாவிட்டால் காசு திறைசேரிக்கே. மற்றச் செலவுகளின் வவுச்சர்களை நவம்பர் முடிவுக்குள் கொடுங்கள், மார்கழிக் கடைசிக் கிழமையில் கணக்குக் கிளையில் யாரும் தலை நிமிர மாட்டார்கள்.

"இந்த வருடம் இல்லை" என்றால்

உடனே கச்சேரி (மாவட்டச் செயலகம்) வாசலில் பதாகை பிடிப்பதை விட, மூன்று பேர் கணக்காளரைச் சந்திப்பது நல்லது. முப்பது பேர் போனால் யாரும் கோப்பைத் திறக்க மாட்டார்கள். கேட்க வேண்டியது: எந்த விடயம் குறைந்தது, எந்தத் திகதியில், யாருடைய எழுத்து அறிவுறுத்தலில், அதே நிகழ்ச்சித்திட்டத்தில் மீதி உண்டா. மீதி இருந்தால் மாற்றிக்கேளுங்கள். இல்லாவிட்டால் குறைநிரப்பு மதிப்பீடு, அதாவது வருட நடுவில் மேலதிக ஒதுக்கீடு கேட்பது.

அது சரிவராவிட்டால் பிரதேச ஒருங்கிணைப்புக் குழு, பிறகு மாவட்ட ஒருங்கிணைப்புக் குழு. கூட்டத்தன்று எழுந்து பேசினால் "பார்ப்போம்" என்ற பதில்தான். நிகழ்ச்சி நிரலில் விடயமாக ஏற்றும்படி பிரதேச செயலாளருக்கு முன்கூட்டியே எழுதுங்கள். அப்போதுதான் தீர்மானம் கூட்டக் குறிப்பில் பதியும், அடுத்த கூட்டத்தில் பதில் சொல்ல வேண்டியும் வரும். மாவட்டத்துக்கு நான்கு பாராளுமன்ற உறுப்பினர்கள், நால்வருக்கும் ஒரே கடிதம் அனுப்புங்கள். ஒரு கட்சியின் சங்கம் என்று பெயர் எடுத்தால் ஆட்சி மாறும்போது சேவையும் போகும். மாகாண நிதி என்றால் பிரதம செயலாளருக்கும் ஆளுநருக்கும் பிரதி வேண்டும். 2017இல் கிழக்கு மாகாண சபையின் காலம் முடிந்தது முதல் அங்கே கையெழுத்து அதிகாரம் அவர்களிடமே இருந்துவருகிறது.

செயலாளர் மாறும்போது இந்தக் கோப்பு முழுவதையும் எண்ணிட்ட பட்டியலோடு கைமாற்றி, இருவரும் கையெழுத்திட்டு, ஒரு பிரதியை முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் கொடுத்துவையுங்கள்.