கேட்ஜெட்டுக்கு எந்தச் சொல்? கருவி, சாதனம், உபகரணம், இயந்திரம்

சின்ன டிரிம்மர் ஒன்றுக்குத் தமிழில் பயன்பாட்டுக் குறிப்பு எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே கேள்வி வந்துவிடும்: இது கருவியா, சாதனமா? அகராதியைப் புரட்டினால் ஒன்றுக்கு மற்றொன்றைப் பொருளாகப் போட்டிருக்கும். புழக்கத்தில் இவை அப்படி இடம் மாறிக்கொள்வதில்லை.

எளிய சோதனை ஒன்று உண்டு. அந்தப் பொருளை அதன் வேலையோடு சேர்த்து ஒரு வாக்கியமாகச் சொல்லிப் பாருங்கள். எந்த வேற்றுமை உருபு தானாக வந்து ஒட்டுகிறது என்று கவனியுங்கள். கத்தியால் நறுக்கினேன், சுத்தியலால் அடித்தேன், திருப்புளியால் முடுக்கினேன். இப்படி ‘ஆல்’ வந்தால் அது கருவி. மூன்றாம் வேற்றுமைக்குக் ‘கருவிப் பொருள்’ உண்டு என்று இலக்கணம் சொல்வது இதைத்தான். பேச்சில் ‘ஆல்’ இருக்கும் இடத்தில் ‘வச்சு’ வரும்: “எத வச்சு வெட்டுன?” மாறாக, மிக்சியில் அரைத்தேன், ஃபோனில் பேசினேன், ஓவனில் சூடாக்கினேன் என்று ‘இல்’ வந்தால் வேலையைப் பொருளிடம் ஒப்படைத்துவிட்டோம் என்று அர்த்தம். அங்கே சாதனம் பொருந்தும்.

சோதனை தோற்கும் இடங்களும் இருக்கின்றன. வீணையில் வாசிக்கிறோம், தராசில் நிறுக்கிறோம்; ஆனாலும் அவை இசைக்கருவி, அளக்கும் கருவி என்றே நிலைத்துவிட்டன. அங்கே மாற்றப் போக வேண்டாம்.

கணினியிலும் ஃபோனிலும் கிட்டத்தட்ட இதே பிரிவினைதான். நாம் எடுத்துப் பயன்படுத்தும் மென்பொருள் வசதிகள் ‘கருவிகள்’. கையில் இருக்கும் ஃபோனும் டேப்லெட்டும் ‘சாதனம்’. ஆண்ட்ராய்டின் தமிழ் இடைமுகம் வாசகரை இதற்குப் பழக்கிவிட்டது. எனவே மின்னணுப் பொருள் எதையாவது பற்றி எழுதுகிறீர்கள் என்றால், தயங்காமல் சாதனம் என்று போடலாம்.

மின்சாதனம் வேறு, மின்னணுச் சாதனம் வேறு. மின்விசிறி, இஸ்திரிப் பெட்டி, வாட்டர் ஹீட்டர் ஆகியவை மின்சாதனம். ரேடியோ, கேமரா, ஸ்மார்ட் வாட்ச் போன்றவை மின்னணுச் சாதனம். இன்னொரு சிக்கல்: ‘தகவல் தொடர்புச் சாதனம்’ என்று எழுதினால் பலருக்கு வானொலி, பத்திரிகை என்று ஊடகம்தான் நினைவுக்கு வரும். அந்தப் பொருள் முன்பே வேரூன்றிவிட்டது. வாக்கி டாக்கியைச் சொல்ல வேண்டுமானால் வாக்கி டாக்கி என்றே சொல்லிவிடுங்கள்.

உபகரணம் பெரும்பாலும் கூட்டமாகவே வரும். மருத்துவ உபகரணங்கள், விளையாட்டு உபகரணங்கள், தீயணைப்பு உபகரணங்கள் என ஒரு வேலைக்கு வேண்டிய மொத்தத் தொகுதி அது. ஒற்றை டார்ச் லைட்டை உபகரணம் என்று எழுதினால் அரசாணை படிப்பது போல விறைப்பாக இருக்கும். இயந்திரம் என்றால் உள்ளே ஏதோ ஓடுகிறது, சுழல்கிறது என்ற எதிர்பார்ப்பு வரும்: தையல் இயந்திரம், சலவை இயந்திரம். கையடக்கப் பொருளுக்கு அது பெரிய சட்டை. பொறி என்பதைத் தனியே விடவே கூடாது. எலிப்பொறி, தீப்பொறி, ஐம்பொறி என்று ஏற்கெனவே பல வேலை அதற்கு. அச்சுப்பொறி, தேடுபொறி என்று கூட்டுச்சொல்லில் வந்தால் தொல்லையில்லை. ஆயுதம் என்ற சொல்லுக்கு ஒரு காலத்தில் தொழிற்கருவி என்ற பொருளும் தாராளமாக இருந்தது; இன்று ஆயுத பூஜை தவிர மற்ற இடங்களில் அரிவாளும் துப்பாக்கியும்தான். சாமான் பேச்சுக்கு நல்ல சொல்லே, ஆனால் ‘சமையல் சாமான்’ போல அடைமொழியோடு எழுதுங்கள். தனியாக விட்டால் இரட்டை அர்த்தம் தேடுபவர்களுக்குத் தீனி.

வாசகர் இலங்கையிலும் இருப்பார் என்றால் இரண்டைக் கவனிக்க வேண்டும். அங்கே செய்திகளில் மொபைல் ஃபோன் ‘கையடக்கத் தொலைபேசி’. தமிழ்நாட்டில் கைபேசி, அலைபேசி, செல்பேசி மூன்றும் ஓடுகின்றன. இலங்கையில் தளபாடம் என்றால் மேசை, நாற்காலி. தமிழ்நாட்டில் அதை ஒட்டி ஒலிக்கும் தளவாடம் பெரும்பாலும் இராணுவத்துக்குப் போய்விட்டது.

அதிகமாகத் தடுக்கி விழுவது ‘இ’ விகுதியில். வினையோடு இகரம் சேர்த்தால் கருவிப் பெயர் கிடைக்கும்: வடிகட்டி, ஒலிபெருக்கி, உலர்த்தி, மின்னேற்றி. புதுப்பெயர் வேண்டும்போது இதுவே கைகொடுக்கும் வழி. ஆனால் பிறவினையைத்தான் எடுக்க வேண்டும். முடி தானாக உலர்கிறது, பொருள் அதை உலர்த்துகிறது, ஆகவே உலர்த்தி. மின்னேறி என்றால் மின்சாரம் ஏறிக்கொண்ட பொருள் என்று ஆகிவிடும்; ஏற்றுவது மின்னேற்றி.

அடுத்த ஆபத்து, இதே வடிவம் வினையெச்சமாகவும் இருப்பது. “வடிகட்டி எடுத்து வைக்கவும்” என்ற வரியைப் படிப்பவர் சாற்றை வடிகட்டி எடுத்து வைப்பாரா, வடிகட்டி என்ற பாகத்தைக் கழற்றி வைப்பாரா? இரண்டும் சரியான தமிழ்தான், அதனால்தான் பிழைதிருத்தும் மென்பொருளும் கண்டுகொள்ளாது. தீர்வு ஒரே எழுத்தில் இருக்கிறது: பொருளைச் சொல்லும்போது இரண்டாம் வேற்றுமை உருபான ‘ஐ’யை விட்டுவிடாமல் “வடிகட்டியை” என்று எழுதுங்கள். துருவி, கலக்கி, சீவி எல்லாவற்றுக்கும் இதே கவனம் வேண்டும். ‘ஆன்’ ஈற்றுப் பெயர்களிலும் இந்த இரட்டை வாசிப்பு உண்டு. ‘அழிப்பான்’ ரப்பரும் ஆகும், அவன் அழிப்பான் என்றும் ஆகும். வாக்கியத்தின் கடைசியில் வைக்காவிட்டால் பெரும்பாலும் குழப்பம் வராது.

பாகங்களின் பெயரில் தூய்மை பார்த்து வாசகரைத் திணறடிக்க வேண்டாம். பேட்டரி, சார்ஜர், பிளக், சுவிட்ச் எல்லாம் எல்லாருக்கும் தெரியும். மின்கலம், மின்னேற்றி என்று எழுத விருப்பமென்றால் முதலில் ஒருமுறை “மின்னேற்றி, அதாவது சார்ஜர்” என்று சேர்த்துச் சொல்லிவிட்டு, பிறகு கடைசிவரை ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒன்றையே பிடித்துக்கொள்வது பொதுப்பெயருக்கும் பொருந்தும். கட்டுரையில் சொல் திரும்ப வந்தால் அழகில்லை என்று பள்ளியில் பழகிவிட்டோம். செய்முறையில் அந்தப் பழக்கம் தொல்லை: இரண்டாம் வரியில் சாதனம், நான்காம் வரியில் கருவி என்று வந்தால் வாசகர் இரண்டாவது பொருளைத் தேடிப் பெட்டிக்குள் கைவிடுவார். பொருளுக்குச் சொந்தப் பெயர் இருந்தால் அதுவே மேல். டிரிம்மரை டிரிம்மர் என்றே எழுதிவிட்டு, உத்தரவாதம், பாதுகாப்பு எச்சரிக்கை போன்ற பொதுவான இடங்களில் மட்டும் சாதனம் என்று போட்டால் போதும்.

ஒரு ஜூசர் குறிப்பைத் திருத்திப் பார்க்கலாம். மூலம் இப்படி இருக்கிறது: “சாதனத்தை உபயோகித்த பின் கருவியின் வடிகட்டி எடுத்து, உபகரணத்தை ஈரத்துணியால் துடைக்கவும்.” இருப்பது ஒரே பொருள், அதற்கு மூன்று பெயர், வடிகட்டி பாகமா, வினையா என்பதும் தெளிவில்லை. மின்சாரத்தை நிறுத்தச் சொல்லவும் மறந்திருக்கிறார்கள். திருத்தியது: “வேலை முடிந்ததும் ஜூசரை அணைத்து, பிளக்கைக் கழற்றுங்கள். வடிகட்டியைத் தனியே எடுத்துக் கழுவுங்கள். மோட்டார் உள்ள அடிப்பாகத்தை ஈரத்துணியால் துடைத்தால் போதும், தண்ணீரில் முக்கக் கூடாது.”