கமினோ நடைக்கு முதுகுப்பை: வாங்குவது முதல் விமானம் ஏற்றுவது வரை

பிரான்சில் சென் ழான் பியே தெ போர் என்ற சின்ன ஊரில் தொடங்கி, பிரனீஸ் மலையைத் தாண்டி, வட ஸ்பெயின் வழியாக சந்தியாகோ தே கொம்போஸ்தெலா பேராலயம் வரை போகும் கமினோ யாத்திரைப் பாதை சுமார் 780 கி.மீ. நம்மூரில் சந்தியாகப்பர் என்று கும்பிடுகிற யாக்கோபின் கல்லறை அங்கே இருக்கிறது என்ற நம்பிக்கையில் ஆயிரம் வருடத்துக்கும் மேலாக ஜனங்கள் நடக்கிறார்கள். முழுப் பாதைக்கு ஐந்து வாரம் பிடிக்கும். அவ்வளவு லீவு கிடைக்காதவர்கள் சாரியா என்ற ஊரிலிருந்து கடைசி நூற்றுச் சொச்சம் கிலோமீட்டரை மட்டும் நடப்பார்கள். இரண்டு பேருக்கும் பை ஒரே அளவுதான். ஒரு வாரத்துக்கு வேண்டியதும் ஐந்து வாரத்துக்கு வேண்டியதும் ஒன்றே, ஏனென்றால் தினமும் சாயங்காலம் துணி துவைக்கத்தான் போகிறீர்கள்.

மனதில் வைக்க வேண்டிய எண் 7 கிலோ. உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்காதே என்பது இந்தப் பாதையில் எல்லோரும் சொல்லும் கணக்கு. 65, 70 கிலோ ஆளுக்கு அது ஆறரை, ஏழு கிலோ. இந்தியாவிலிருந்து கிளம்பும் பல விமானங்களில் எகானமி கேபின் பைக்கும் அதே 7 கிலோதான். விமானக் கம்பெனிகள் உங்கள் மூட்டுவலியை நினைத்து அந்த எண்ணை வைக்கவில்லை, ஆனாலும் ஒத்துப்போகிறது. ஏர்போர்ட் தராசில் தேறும் பை மலையிலும் தேறும். 50 கிலோ ஆளாக இருந்தால் தராசு விட்டாலும் நீங்கள் இன்னும் குறைக்க வேண்டும்.

முதல் படி: சாமானைப் பரப்பு, பை அப்புறம்

பலர் முதலில் பையை வாங்கிவிட்டு, இருக்கும் இடத்தையெல்லாம் நிரப்புகிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். எடுத்துப்போக நினைப்பதைத் தரையில் பரப்பி, சமையலறைத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்து, பேப்பரில் எழுதுங்கள். உடுத்தியிருப்பது போக இரண்டு செட் துணி, ஒரு கம்பளி அல்லது ஃப்ளீஸ், மழைக்கோட்டு, லேசான தூக்கப்பை (ஸ்லீப்பிங் பேக்), சாயங்காலத்துக்குச் செருப்பு, சீக்கிரம் காயும் துண்டு, மருந்து, சார்ஜர். டென்ட், அடுப்பு, பாத்திரம் எதுவும் வேண்டாம். சில மணி நேர நடைக்குள் பெரும்பாலும் ஓர் ஊர் வந்துவிடும், காபிக்கடையும் மருந்துக்கடையும் இருக்கும். இரவில் ஆல்பர்கே எனப்படும் யாத்திரிகர் விடுதி. அங்கே மெத்தை உண்டு, போர்வை எல்லா இடத்திலும் கிடைக்காது, அதனால்தான் தூக்கப்பை.

தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ. ரொட்டி, பழம் என்று இன்னும் அரை கிலோ சேரும். ஆகவே வீட்டில் கட்டும்போது பை ஐந்தரைக் கிலோவைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வெட்ட வேண்டியது பெரும்பாலும் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று வைத்ததுதான். முழு ஷாம்பு பாட்டில், மூன்றாவது ஜீன்ஸ் (முதல் ஜீன்ஸே தவறு, நனைந்தால் காயாது), அடுக்கடுக்காகப் புத்தகங்கள்.

இரண்டாம் படி: முதுகை அளந்து வாங்கு

இந்தச் சாமானுக்கு 30 முதல் 38 லிட்டர் பை போதும். காலிப் பை ஒன்றரைக் கிலோவுக்குள் இருக்கட்டும். லிட்டரைவிட முக்கியம் முதுகின் நீளம். உயரமானவருக்கு முதுகும் நீளமாக இருக்கும் என்று சொல்ல முடியாது, ஆறடி ஆளுக்கும் குட்டை முதுகு உண்டு.

டெய்லர் டேப்பும் உதவிக்கு ஓர் ஆளும் வேண்டும். தலையைக் குனியுங்கள். கழுத்துக்கு அடியில் துருத்திக்கொண்டு ஓர் எலும்பு தெரியும், அளவு அங்கே தொடங்குகிறது. அடுத்து இரண்டு கையையும் இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் வையுங்கள், பெருவிரல்கள் பின்பக்கம் பார்க்கட்டும். இரண்டு பெருவிரலையும் சேர்க்கும் கோடு முதுகெலும்பைத் தொடும் இடம் வரை டேப்பை வளைவோடு ஒட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். வரும் எண்தான் உங்கள் முதுகு நீளம். ஆஸ்பிரே, டாய்ட்டர் மாதிரி கம்பெனிகள் பைகளை முதுகு அளவுப்படியும் பிரித்துத் தருகிறார்கள். பெண்களுக்கான மாடலில் முதுகு குட்டையாகவும் தோள்பட்டி வளைந்தும் இருக்கும். மெலிந்த ஆண்களுக்கும் சில சமயம் அதுவே பொருந்தும், கூச்சப்பட வேண்டாம்.

கடையில் காலிப் பையை மாட்டிக் கண்ணாடி பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை. எடை கேளுங்கள், இல்லையென்றால் ஐந்து கிலோ அரிசி மூட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். எல்லாப் பட்டியையும் தளர்த்திவிட்டு மாட்டுங்கள். முதலில் இடுப்புப் பட்டி: அதன் மெத்தைப் பகுதி இடுப்பெலும்பின் மேல் உட்கார வேண்டும், வயிற்றில் அல்ல. அதை இறுக்கிய பிறகு தோள்பட்டியைத் தோளில் படும் அளவுக்கு மட்டும் இழுங்கள். பிறகு தோளுக்கு மேலே பையோடு சேரும் குட்டிப் பட்டிகள், கடைசியாக நெஞ்சுப் பட்டி. சரியாகப் பொருந்தினால் சுமையில் பெரும்பகுதி இடுப்பில் இறங்கிவிடும். தோள்பட்டிக்கு அடியில் இரண்டு விரல் தாராளமாக நுழையும். அப்படியே கால் மணி நேரம் கடைக்குள் சுற்றுங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

வாங்கியதும் முழு எடையோடு நடந்து பழகுங்கள். சென்னைவாசிகளுக்குப் பரங்கிமலைப் படிகள் நல்ல இடம். ஏறி இறங்கி, மறுபடி ஏற வேண்டும். சென் ழானிலிருந்து ரொன்செஸ்வாயெஸ் போகும் முதல் நாளே சுமார் 25 கி.மீ., 170 மீட்டர் உயரத்தில் தொடங்கி 1,400 மீட்டருக்கு மேல் ஏறுகிறது. பட்டி எங்கே உரசுகிறது என்பதை அங்கே போய்த் தெரிந்துகொள்ள வேண்டாம்.

மூன்றாம் படி: அடுக்குவது

தூக்கப்பை அடியில். கனமானவை நடுவில், முதுகை ஒட்டி. மழைக்கோட்டு மேலே. கடவுச்சீட்டு, பணம், யாத்திரிகர் முத்திரைப் புத்தகமான கிரெதென்சியால் ஆகியவை இடுப்பில் கட்டும் சின்னப் பையில், குளிக்கப் போனாலும் கூடவே.

வெளியே போடும் மழை உறை முதுகுப் பக்கத்தை மூடாது, பாதையின் கடைசிப் பகுதியான கலீசியாவின் மழையில் தண்ணீர் அந்த வழியாகவே இறங்கும். பைக்குள் ஒரு பெரிய தடித்த பிளாஸ்டிக் கவரை விரித்து, அதற்குள் எல்லாவற்றையும் வையுங்கள். ஆனால் ஒவ்வொரு சாமானுக்கும் தனித்தனி கேரிபேக் வேண்டாம். விடியற்காலை ஐந்தரைக்கு இருபது பேர் தூங்கும் அறையில் அது போடும் சரசர சத்தத்துக்கு எல்லோரும் சபிப்பார்கள். துணிப்பைகள் போதும்.

நான்காம் படி: விமானம்

கேபினில் கொண்டுபோக முடிந்தால் அதுவே நல்லது. பை தொலையாது, வாரும் அறுபடாது. பல கம்பெனிகளின் அளவு 55 x 40 x 20 செ.மீ.யை ஒட்டி இருக்கும். கம்பிச் சட்டம் வைத்த பையை அமுக்கிக் குட்டையாக்க முடியாது, அதனால் வாங்கும்போதே உயரம் 55 செ.மீ. தாண்டாமல் பாருங்கள். உங்கள் விமானத்தின் சரியான அளவை டிக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவுக்குள் தனி டிக்கெட்டில் மலிவு விமானம் பிடித்தால் அங்கே கணக்கே வேறு. ரையன்ஏரில் இலவசமாக விடுவது சீட்டுக்கு அடியில் போகும் சின்னப் பையை மட்டும். முதுகுப்பைக்குக் காசு கட்ட வேண்டும், அதை வீட்டிலிருந்தே கட்டிவிடுங்கள், கேட்டில் கட்டினால் அதிகம்.

நடைக்குச்சி கேபின் திட்டத்தைக் கெடுக்கும். பல விமான நிலையங்களில் அதை உள்ளே விடமாட்டார்கள். கத்திக்கும் அதே கதி. குச்சியைச் சென் ழானிலோ வழியில் வரும் பம்ப்லோனாவிலோ வாங்கிக்கொள்ளலாம், என் ஓட்டு அதற்குத்தான். சொந்தக் குச்சிதான் வேண்டும் என்றால் பையை செக்-இன் செய்ய வேண்டும்.

அப்படிச் செய்தால் தொங்கும் பட்டிகள்தான் எதிரி, கன்வேயர் பெல்ட்டில் சிக்கினால் பக்கிள் உடையும். இடுப்புப் பட்டியைப் பையின் முன்பக்கமாகச் சுற்றிக் கொண்டுவந்து பூட்டி இறுக்குங்கள். தோள்பட்டிகளை முழுக்க இழுத்து, மிஞ்சும் வாலைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போடுங்கள். அப்புறம் முழுப் பையையும் மெல்லிய டஃபிள் பைக்குள் போட்டுவிடுங்கள். நடக்கும்போது அது கைக்குட்டை அளவு மடிந்துவிடும், அழுக்குத் துணிக்கும் ஆகும். பெயர், போன் நம்பர் எழுதிய சீட்டு வெளியே ஒன்று, உள்ளே ஒன்று. ஒப்படைக்கும் முன் ஒரு போட்டோ.

பவர் பேங்க் செக்-இன் பையில் போகக் கூடாது, கையில்தான். அதோடு மருந்து, ஒரு செட் துணி, மழைக்கோட்டும் கையில் இருக்கட்டும். நடைக்குப் போடப்போகும் ஷூவைக் காலிலேயே போட்டுக்கொண்டு ஏறுங்கள். பைக்கு மாற்றுப் பை கிடைக்கும், பழகிய ஷூவுக்கு மாற்று கிடைக்காது.

பை வரவில்லை என்றால் லக்கேஜ் கூடத்தை விட்டு வெளியே வராதீர்கள். அங்கேயே கவுன்டரில் புகார் எழுதி, அந்தப் புகாரின் பதிவு எண்ணான பி.ஐ.ஆர். நம்பர் வாங்குங்கள். அடுத்தடுத்த நாட்களில் எந்த ஊரில் தங்குவீர்கள் என்பதையும் கொடுங்கள், ஏனென்றால் உங்கள் முகவரி தினமும் நகரும். சர்வதேச விமானப் பயணத்துக்கான மான்ட்ரியல் ஒப்பந்தப்படி பை சேதமாக வந்தால் 7 நாளுக்குள், தாமதமாக வந்தால் கைக்கு வந்த 21 நாளுக்குள் எழுத்தில் கேட்க வேண்டும். இடையில் வாங்கிய துணிக்கும் சோப்புக்கும் ரசீது வைத்திருங்கள்.

ஐந்தாம் படி: பாதையில்

விடுதியில் பையைக் கட்டில்மேல் வைக்காதீர்கள். மூட்டைப்பூச்சி பையில் ஏறித்தான் ஊர் ஊராகப் போகிறது, அதனால் தரையில்தான் இடம். முதுகு ஒத்துழைக்காத நாளில் அடுத்த ஊருக்குப் பையை மட்டும் அனுப்பும் சேவை உண்டு, ஸ்பெயின் தபால்துறையான கொரேயோஸே செய்கிறது. அதில் மானக்கேடு எதுவும் இல்லை.

சந்தியாகோ போய்ச் சேர்ந்ததும் நேரே பேராலயத்துக்குள் நுழையலாம் என்று நினைக்காதீர்கள், முதுகுப்பையோடு உள்ளே விடமாட்டார்கள். பக்கத்துத் தெருக்களில் பை வைக்கக் கட்டண இடங்கள் இருக்கின்றன. பகல் 12 மணி யாத்திரிகர் பூசைக்குப் போவதென்றால் முதலில் அங்கே வைத்துவிட்டு, கொஞ்சம் முன்னதாகவே வரிசையில் நில்லுங்கள்.